ஆளை மாற்றினால் போதுமா? மன்செஸ்டர் யுனைடெட்டின் எண்பது வருடக் கதை



மன்செஸ்டர் யுனைடெட்டுக்கு அடுத்த பயிற்றுவிப்பாளர் யார் என்ற பேச்சு தொடங்கிவிட்டால் நமது ஊரில் தேநீர்க் கடையிலும் வட்ஸ்அப் குழுவிலும் வேறு பேச்சு நடக்காது. "இவர் வந்தால்தான் சரி", "அவர் வந்தால் நாங்கள் மெச் பார்ப்பதையே விட்டுவிடுவோம்" என்று ஒரே சண்டை. சின்ன வயதிலிருந்து ஒன்றாக விளையாடிய பொடியன்மார் முகம் பார்க்காமல் போகுமளவுக்கு இது வளர்ந்திருக்கிறது. இது விளையாட்டுப் பேச்சுத்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் ஒரு பொறுப்புக்கு ஆளைத் தேடும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று இந்தக் கழகத்தின் வரலாற்றிலிருந்து நாம் படித்துக்கொள்ள நிறைய இருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

1945இல் இருந்து தொடங்குவோம். உலகப் போர் முடியும் நேரம். ஓல்ட் ட்ரபோர்ட் மைதானம் 1941 மார்ச்சில் ஜேர்மன் குண்டுவீச்சில் சிதைந்து கிடந்தது. சொந்த மைதானம் இல்லாததால் பக்கத்து எதிரி மன்செஸ்டர் சிட்டியின் மைதானத்தில்தான் யுனைடெட் விளையாடியது. அந்த நேரத்தில் கழகம் மட் பஸ்பி என்பவரைக் கூப்பிட்டது. வயது முப்பத்தைந்து. முகாமையாளராக ஒரு நாள்கூட வேலை செய்திராதவர். அதுவும் சிட்டிக்கும் லிவர்பூலுக்கும் விளையாடிய மனிதர்! இன்று இப்படி ஓர் ஆளின் பெயர் வந்தால் நமது குழுக்களில் என்ன எழுதுவோம் என்று யோசித்துப் பாருங்கள்.

பஸ்பி வேலை கிடைத்தால் போதும் என்று கையெழுத்துப் போடவில்லை. மூன்று வருட ஒப்பந்தம் தருகிறோம் என்றார்கள், ஐந்து வருடம் வேண்டும் என்றார். அணியை யார் தெரிவு செய்வது, யாரை வாங்குவது, யாரை விற்பது என்பதெல்லாம் தன் கையில் இருக்க வேண்டும் என்றார். அந்தக் காலத்தில் பல கழகங்களில் பணிப்பாளர்கள்தான் அணித் தெரிவில் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தார்கள். யுனைடெட் அவருடைய நிபந்தனையை ஏற்றுக்கொண்டது. 1948இல் எஃப்.ஏ. கிண்ணம் வந்தது. 1952இல், 41 வருடங்களுக்குப் பிறகு லீக் சம்பியன் பட்டம் வந்தது. 1958 பெப்ரவரி 6 மியூனிக் விமான விபத்தில் எட்டு வீரர்கள் உட்பட 23 பேர் இறந்தார்கள். பஸ்பியும் சாவின் விளிம்புவரை போய் மீண்டார். பத்து வருடம் கழித்து 1968இல் அதே மனிதர் ஐரோப்பியக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார்.

பஸ்பி திறமைசாலிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் திறமைக்கு அதிகாரமும் காலமும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன.

1969இல் பஸ்பி ஓய்வு பெற்றார். அவருடைய இடத்துக்கு வில்ஃப் மக்கினஸ் என்ற 31 வயது இளைஞர் வந்தார். கழகத்திலேயே வளர்ந்தவர், கால் முறிந்து விளையாட்டை விட்டவர், எல்லோருக்கும் பிடித்தவர். ஆனால் அவருக்கு முதலில் கொடுத்த பதவிப் பெயர் முகாமையாளர் இல்லை. "தலைமைப் பயிற்றுவிப்பாளர்" என்றுதான் கொடுத்தார்கள். பஸ்பி பொது முகாமையாளராக அதே கட்டிடத்தில் இருந்தார். அணியில் இருந்த பொபி சார்ள்டன், மக்கினஸை விட இரண்டு கிழமை மூத்தவர். நேற்றுவரை தோளில் கைபோட்டுத் திரிந்தவர்களுக்கு இன்று கட்டளையிட வேண்டும். மனத்தாங்கல் வந்தால் வீரர்கள் போய்ச் சொல்வதற்குப் பெரியவர் பக்கத்து அறையில் இருக்கிறார். 1970 டிசம்பரில் மக்கினஸ் நீக்கப்பட்டார். பஸ்பியே தற்காலிகமாகத் திரும்பி வந்தார். அடுத்து வந்த பிராங்க் ஓபரல் பதினெட்டு மாதம் தாக்குப்பிடித்தார்.

இவர்கள் சரியில்லாத ஆட்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அவர்கள் உட்கார்ந்த கதிரை எப்படிப்பட்டது என்றும் பார்த்துத்தானே தீர்ப்புச் சொல்ல வேண்டும்?

பிறகு டொமி டொச்சர்ட்டி. அவர் காலத்தில்தான் 1974இல் யுனைடெட் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. கழகம் அவரை நீக்கவில்லை. ரசிகர்களும் கைவிடவில்லை. இரண்டாம் பிரிவில் விளையாடிய அந்தப் பருவத்தில் முழு இங்கிலாந்திலும் சராசரியாக அதிகக் கூட்டம் வந்தது ஓல்ட் ட்ரபோர்டுக்குத்தான். அடுத்த வருடமே மேலே வந்தார்கள். 1977இல் எஃப்.ஏ. கிண்ணம் வென்றார்கள். அவருக்குப் பின் வந்த டேவ் செக்ஸ்டன் கடைசி ஏழு ஆட்டங்களையும் வென்றும் 1981இல் நீக்கப்பட்டார். அவருடைய ஆட்டம் சலிப்பாக இருக்கிறது என்று ரசிகர்கள் முகம் சுளித்திருந்தார்கள். அடுத்து ரொன் அட்கின்சன். இரண்டு எஃப்.ஏ. கிண்ணம், ஐந்து முழுப் பருவங்களிலும் முதல் நான்கு இடத்துக்குள். லீக் பட்டம் மட்டும் வரவில்லை. 1986 நவம்பரில் அவரும் போனார்.

இனி நமக்கெல்லாம் தெரிந்த பெயர், அலெக்ஸ் பேர்கசன்.

அவருடைய கடைசிப் பக்கங்களை நாம் மனப்பாடமாக வைத்திருக்கிறோம், முதல் பக்கங்களை மறந்துவிட்டோம். 1986 நவம்பரில் அவர் வந்தபோது அணி கடைசிக்கு முந்திய இடத்தில் இருந்தது. முதல் ஆட்டத்திலேயே ஒக்ஸ்போர்ட் யுனைடெட்டிடம் 2-0 தோல்வி. அந்தப் பருவம் 11ஆம் இடம். அடுத்தது 2ஆம் இடம். அதற்கடுத்தது மீண்டும் 11. 1989-90இல் 13. இதற்கிடையில் 1989 செப்டெம்பரில் சிட்டியிடம் 5-1 தோல்வி. மூன்று வருடமாகச் சாக்குப்போக்குத்தான் சொல்கிறாய், போய்வா என்று பதாகை எழுதிக்கொண்டு வந்தார்கள். எழுதியவர்கள் எதிரணிக்காரர்களல்ல. யுனைடெட்டை உயிராக நேசித்தவர்கள்.

1990 ஜனவரி 7, நொட்டிங்ஹம் பொரஸ்டுடன் எஃப்.ஏ. கிண்ண ஆட்டம். தோற்றால் பேர்கசன் கதை முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. மார்க் ரொபின்ஸ் என்ற இளம் வீரரின் ஒரே கோலால் யுனைடெட் வென்றது. அந்தப் பருவம் கிண்ணமும் கிடைத்தது. 1993இல், 26 வருடங்களுக்குப் பிறகு லீக் பட்டம். 2013இல் ஓய்வு பெறும்போது 13 லீக் பட்டங்கள் உட்பட 38 வெற்றிக் கிண்ணங்கள்.

இந்தக் கதையை எடுத்துக்கொண்டு "எந்தப் பயிற்றுவிப்பாளருக்கும் நேரம் கொடுத்தால் பேர்கசன் ஆகிவிடுவார்" என்று சிலர் வாதாடுகிறார்கள். அது சரியில்லை. பணிப்பாளர் சபை கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கவில்லை. வந்தவர் ஸ்கொட்லாந்தில் அபர்டீன் என்ற கழகத்தை வைத்துக்கொண்டு மூன்று லீக் பட்டம் எடுத்தவர். 1983இல் ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில் ரியல் மட்ரிட்டை வென்றவர். மன்செஸ்டருக்கு வந்தவுடன் இளம் வீரர்களைத் தேடும் ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டினார். குடிப்பழக்கத்தில் மூழ்கியிருந்த அணியில் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். 1992இல் இளைஞர் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்ற பெக்கம், கிக்ஸ், பட், நெவில் எல்லாரும் அந்த வேலையின் விளைச்சல். புள்ளிப் பட்டியலில் அது தெரியவில்லை. மைதானத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. பணிப்பாளர்களில் ஒருவராக அப்போது பொபி சார்ள்டனும் இருந்தார்.

பொறுமை என்றால் சும்மா இருப்பதில்லை. விதை போட்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டுக் காத்திருப்பதுதான் பொறுமை.

2013க்குப் பிறகு நடந்தது நம் கண் முன்னால் நடந்தது. பேர்கசன் தானே கைகாட்டிய டேவிட் மொயசுக்கு ஆறு வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள், பத்து மாதத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வான் ஹால் எஃப்.ஏ. கிண்ணம் வென்று இரண்டே நாளில் நீக்கப்பட்டார். மொரீனியோ இரண்டு பெரிய கிண்ணமும் ஒரு இரண்டாம் இடமும் கொடுத்துவிட்டுப் போனார். சோல்ஸ்க்யார் கழகத்தின் செல்லப்பிள்ளை, அவருக்கும் மூன்று வருடம் நிறையவில்லை. டென் ஹாக் 2024 மேயில் எஃப்.ஏ. கிண்ணம் வென்றார், ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டினார்கள், ஒக்டோபரில் நீக்கினார்கள். அவருக்குப் பின் வந்த அமோரிமின் முதல் பருவம் 15ஆம் இடத்தில் முடிந்தது. 1974இல் கீழே இறங்கிய பிறகு இவ்வளவு கீழே போனதில்லை.

கவனியுங்கள். இவர்களில் அனுபவசாலி இருந்தார், உலகப் புகழ் பெற்றவர் இருந்தார், சொந்தப் பிள்ளை இருந்தார், புதுச் சிந்தனைக்காரர் இருந்தார். நமது வட்ஸ்அப் குழுவில் கேட்ட எல்லா வகை ஆட்களையும் கழகம் கொண்டுவந்து பார்த்துவிட்டது. அப்படியானால் பிழை ஆட்களில் மட்டும்தானா?

அமோரிமின் பதவிப் பெயரையும் கவனியுங்கள். முகாமையாளர் என்று இல்லை, தலைமைப் பயிற்றுவிப்பாளர் என்றே அவரை நியமித்தார்கள். 1969இல் மக்கினசுக்குக் கொடுத்ததைப் போன்ற பெயர். இன்று ஐரோப்பாவில் பல கழகங்கள் இப்படித்தான் நடக்கின்றன, நன்றாகவும் நடக்கின்றன. ஆனால் வீரர்களை வாங்குபவர் யார், பணத்தைத் தீர்மானிப்பவர் யார், தோற்றால் பதில் சொல்பவர் யார் என்று தெளிவாக இருக்கும் இடத்தில்தான் அது சரிவரும்.

இன்னொரு திகதியையும் மறக்கக் கூடாது, 2005. அமெரிக்காவின் கிளேஸர் குடும்பம் சுமார் 790 மில்லியன் பவுண் பெறுமதிக்கு யுனைடெட்டை வாங்கியது. அதில் ஐந்நூறு மில்லியனுக்கு மேல் கடன். அதன் பெரும்பகுதி வாங்கியவர்களின் தலையில் விழவில்லை, கழகத்தின் தலையில் விழுந்தது. கடனில்லாமல் இருந்த கழகம் அன்றிலிருந்து வட்டி கட்டத் தொடங்கியது. வட்டி ஒரு வீட்டை எப்படி அரிக்கும் என்று நமது ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை.

அன்று தெருவில் இறங்கிக் கத்தியவர்கள் யார்? ரசிகர்கள்தான். ஒரு பகுதியினர் மனம் வெறுத்துப் போய் எஃப்.சி. யுனைடெட் ஒஃப் மன்செஸ்டர் என்று தங்களுக்கே சொந்தமான சிறிய கழகம் ஒன்றை ஆரம்பித்தார்கள். 2010இல் ஆயிரக்கணக்கானவர்கள் கழகத்தின் பழைய நிறமான பச்சையும் மஞ்சளும் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தார்கள். "இவர்களுக்கு அணி வென்றுகொண்டிருக்கும்போதும் புலம்பல்தான்" என்று பலர் சிரித்தார்கள். பேர்கசன் வென்றுகொண்டிருந்தவரை அரிப்பு வெளியே தெரியவில்லை. அவர் போன பிறகு தெரிந்தது. 2024 மேயில் மழை பெய்து ஓல்ட் ட்ரபோர்ட் கூரையிலிருந்து தண்ணீர் அருவி போல் கொட்டியதை முழு உலகமும் பார்த்தது.

இதிலிருந்து நமக்குத் தெரிவது இதுதான். ரசிகர்கள் ஆளைப் பற்றிச் சொன்ன தீர்ப்பு பல தடவை பிழைத்தது. 1989இல் பேர்கசனைப் போகச் சொன்னது அதற்குப் பெரிய சாட்சி. வீட்டைப் பற்றிச் சொன்னது பலித்தது. ரசிகனுக்குப் பயிற்சி மைதானத்துக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாது. ஆனால் தான் நேசிக்கும் வீட்டின் கூரை ஒழுகுவது அவனுக்குத்தான் முதலில் தெரியும்.

அதனால் அடுத்த முறை ஒரு பெயர் வரும்போது, "இவர் நல்லவரா கெட்டவரா" என்று சண்டை பிடிப்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்போம். இவருக்கு எந்த அதிகாரத்தைக் கொடுக்கிறார்கள்? எவ்வளவு காலம் கொடுக்கிறார்கள்? இவர் போட்ட விதையை எதை வைத்து அளக்கப் போகிறார்கள்? இதற்குப் பதில் இல்லையென்றால் யார் வந்தாலும் பதினெட்டு மாதத்தில் இதே சண்டையை நாம் மறுபடி பிடிப்போம்.

நமது ஊருக்கும் இது பொருந்தும். பாடசாலைக்குப் புதிய அதிபர் வருகிறார் என்றால் ஆள் எப்படி, எந்த ஊர், யாருடைய சொந்தம் என்று விசாரிக்கிறோம். எத்தனை ஆசிரியர் வெற்றிடம் இருக்கிறது, அபிவிருத்திச் சங்கத்தில் எத்தனை பெற்றோர் வருகிறார்கள் என்று விசாரிப்பவர்கள் குறைவு. பள்ளிவாசல் நிர்வாகமும் அப்படித்தான், விளையாட்டுக் கழகமும் அப்படித்தான். ஆளை மாற்றுவது ஒரு கூட்டத்தில் முடிந்துவிடும். வீட்டைத் திருத்த வருடக்கணக்காகும், அதில் நமது கையும் படவேண்டும்.

கருத்துச் சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள். லிவர்பூல்காரர்கள் சிரிப்பு இமோஜி போடுவீர்கள் என்று தெரியும், போடுங்கள். ஆனால் ஒருவரையொருவர் ஏசாமல் எழுதுங்கள். மன்செஸ்டரில் யார் வந்தாலும் யார் போனாலும், நாளைப் பின்னேரம் நமது மைதானத்தில் பந்து உதைக்கப் பக்கத்து வீட்டுப் பொடியன்தான் நமக்கு வேண்டும்.