பூவிருந்தவல்லியும் பூவின் நெறியும்

தன் பெயரிலேயே பூவைச் சூடிக்கொண்ட ஊர் பூவிருந்தவல்லி. மக்கள் நாவில் அது பூந்தமல்லியெனத் தேய்ந்தது. 11ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் வாழ்ந்த திருக்கச்சி நம்பி, தம் நந்தவனத்து மலர்களை நாள்தோறும் காஞ்சிபுரம் வரதராசர் கோயிலுக்குக் கொண்டுசென்றார் என்பது வைணவ மரபு. 1653இல், கோல்கொண்டாச் சுல்தான் அப்துல்லாஹ் குத்ப்ஷாவின் ஆட்சியில், இங்கே பள்ளிவாசல் ஒன்றும் எழுந்தது. பல நெறியினரும் வந்து தங்கிய ஊர் இது.

‘நாள்தோறும்’ என்ற சொல்லை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். மல்லிகை கோடையில் கொழிக்கும். மார்கழிப் பனியில் அருகிப்போகும். ஆண்டு முழுதும் மலர்த்தொண்டு செய்பவர், அந்தந்தப் பருவம் தருவதைக் கொண்டே நிறைவு காண வேண்டியவராவார்.

ஜப்பானியரின் இக்கெபானாக் கலைக்கும் இதுவே அடிப்படை. கியோத்தோ நகரின் ரொக்காக்குதோ ஆலயத்தில் புத்தருக்கு மலர் படைத்து வந்த இக்கெனோபோ மரபினரிடம் அது வளர்ந்தது. அம்மரபின் செங்கேய் என்பார் அமைத்த மலர்களைக் காண மக்கள் திரண்ட செய்தி, 1462ஆம் ஆண்டுக் குறிப்பொன்றில் காணப்படுகிறது. பின்னர் அதனைக் ‘காதோ’ என்றனர்; பூவின் வழி என்பது பொருள். அரபியில் ‘தரீக்கா’ என்று நாம் வழங்கும் சொல்லை இது நினைவூட்டுகிறது. இரண்டும் கற்பதோடு முடிவதில்லை. நடந்து பழகுதல் வேண்டும்.

வசந்தத்தில் செர்ரிக் கிளை, கோடையில் ஐரிஸ், இலையுதிர் காலத்தில் சிவந்த மேப்பிள், புத்தாண்டில் பைன் என ஆண்டு முழுதும் அவர்களது பயிற்சி தொடர்கிறது. சென்னையிலும் ஒஹாரா மரபில் இக்கலையைப் பயில்வோர் உளர். பூந்தமல்லியிலிருந்து திருப்பெரும்புதூர் செல்லும் நெடுஞ்சாலையின் பக்கம் ஜப்பானியத் தொழிற்சாலைகளும் வந்துள்ளன.

செர்ரியும் மேப்பிளும் இல்லாத அம்பத்தூரிலும் ஆவடியிலும் இக்கலை எவ்வாறு இயலும் என்று சிலர் வினவலாம். அவர்களுக்கு நான்கு பருவங்களெனில், நம் முன்னோர் வகுத்த பெரும்பொழுதுகளோ ஆறு! பின்பனியில் மாம்பூ; அதனையடுத்து இலையுதிர்த்த கிளையில் சிவக்கும் கல்யாண முருங்கை; இளவேனிலில் வேம்பும் கொன்றையும்; மழைக்குப்பின் ஏரிக்கரைக் கோரை; முன்பனியில் சாமந்தி. ஒரு கிளையும் இரு மலரும் ஒரு தட்டு நீரும் போதும்.

குளிர்பெட்டியில் வரும் ரோஜாவுக்குப் பருவமில்லை. அதனை மட்டுமே அறிந்த பிள்ளைக்குத் தை எது, சித்திரை எது என்று பூ சொல்லித் தராது. தோட்டங்கள் மனைகளாகிவிட்ட இவ்வூர்களில், எஞ்சிய கொன்றையும் வேம்பும் வெட்டுண்டால், பூவிருந்தவல்லி என்ற பெயர் ஏட்டில் மட்டுமே எஞ்சும். வாசலில் ஒரு மரத்தையேனும் காத்து, அதன் ஆண்டைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோமாக.