மரப்பலகையும் முடிச்சுக் கயிறும்

வாஸ்கோடகாமாவை இந்தியாவுக்கு அழைத்து வந்தவர் அரபு மாலுமி அஹ்மத் இப்னு மாஜித் என்பது நம் மேடைகளில் பெருமிதத்துடன் சொல்லப்படும் செய்தி. நானும் பல்லாண்டுகள் வகுப்பறையில் அதையே கூறி வந்தேன். மூலநூல்களை ஒப்புநோக்கியபோது அது நிலைக்கவில்லை.

இச்செய்தியின் வேர் மக்காவில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் குத்புத்தீன் அந்நஹ்ரவாலீ (மறைவு 1582) எழுதிய நூலில் இருக்கிறது. மதுமயக்கத்தில் இருந்த இப்னு மாஜித் பரங்கியருக்கு வழி சொல்லிவிட்டார் என்பது அவர் கூற்று. அவர் பழியாக எழுதியதை நாம் புகழாக எடுத்துக்கொண்டோம்! இருபதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் கப்ரியேல் ஃபெரான் அதை உலகறியச் செய்தார். இப்னு மாஜிதோ, தாம் அவ்வாறு வழிகாட்டியதாகத் தம் நூல்களில் எங்கும் குறிப்பிடவில்லை.

1552-இல் வெளிவந்த போர்த்துக்கீசிய வரலாற்றில் பாரோஸ், மாலிந்தித் துறைமுகத்தில் கப்பலேறிய வழிகாட்டி ஒரு குஜராத் முஸ்லிம் என்கிறார். 'மாலெமோ கனா' என்பது அவர் தரும் பெயர். வேறொரு நூலில் 'கனாக்கா' என வருகிறது. இது இயற்பெயரன்று, தொழிற்பெயர். முன்பாதி அரபியின் 'முஅல்லிம்'. நம் 'மாலுமி'யும் அதன் திரிபே. பின்பாதி வடமொழியின் 'கணக', அதாவது கோள்களையும் மீன்களையும் கணிப்பவர். ஒரே பட்டத்தில் இரு மொழிகள் கலந்து கிடக்கின்றன.

வாஸ்கோடகாமா தம்மிடமிருந்த உஸ்துர்லாபைக் காட்டியபோது அம்மாலுமி வியப்படையவில்லை. தாம் கையாளும் கருவி வேறு எனக் கூறி, மூன்று சிறு பலகைகளைக் காட்டினார் என்று பாரோஸ் எழுதுகிறார். இப்னு மாஜித் ஹிஜ்ரி 895-இல் (1490) இயற்றிய 'கிதாபுல் ஃபவாயித்' நூலில் 'கஷபா', அதாவது மரத்துண்டு, எனச் சுட்டும் கருவி இவ்வகையினதே. பிற்காலத்தில் இதற்குக் 'கமால்' என்ற பெயர் நிலைத்தது.

செவ்வகப் பலகையின் நடுவே துளையிட்டு ஒரு கயிறு கோக்கப்படும். கயிற்றிலுள்ள முடிச்சைப் பற்களிடையே கவ்விக்கொண்டு, பலகையைக் கயிறு விறைக்கும்வரை முன்னே நீட்ட வேண்டும். கீழ்விளிம்பு தொடுவானத்தையும் மேல்விளிம்பு துருவமீனையும் தொட்டால், அம்முடிச்சுக்குரிய உயரத்தில் மீன் நிற்கிறது என்பது பொருள். ஒவ்வொரு முடிச்சும் ஒரு துறைமுகத்துக்கு உரியது. போகவேண்டிய துறைமுகத்தின் முடிச்சு பொருந்தும்வரை வடக்கிலோ தெற்கிலோ சென்று, பின்னர் அந்த உயரம் மாறாமல் கிழக்கிலோ மேற்கிலோ கரைநோக்கி ஓடுவர். உயரத்தின் அளவு 'இஸ்பஉ', அதாவது விரல். வானவட்டம் முழுவதும் 224 விரல்கள். ஒரு விரல் ஏறக்குறைய 1.6 பாகை.

எளிய கருவிதான், ஆயினும் கையாள்பவருக்கு வானறிவு வேண்டும். அக்காலத்தில் துருவமீன் உண்மையான வடதுருவத்திலிருந்து ஏறத்தாழ மூன்றரைப் பாகை விலகி அதைச் சுற்றிவந்தது. மற்ற மீன்களின் நிலையைப் பார்த்து அதைத் திருத்தத் தெரியாதவனைப் பலகை ஏமாற்றிவிடும். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கேயோ துருவமீனே கிடையாது. மாலிந்தி அவ்விடத்தது. 1498 ஏப்ரல் 24-இல் அங்கிருந்து புறப்பட்ட கப்பலோட்டிகள், நெடுநாள் காணாதிருந்த துருவமீனை 29-ஆம் நாள் மீண்டும் கண்டதாக அப்பயணத்தின் நாட்குறிப்பு சொல்கிறது. அதன்பின்னரே அம்மாலுமியின் பலகையால் துருவமீனை அளக்க முடிந்திருக்கும். மே 20-இல் கோழிக்கோட்டின் அருகே நங்கூரமிட்டனர்.

பலகை போர்த்துக்கீசியரின் கைக்கும் போயிற்று. 1500-இல் கப்ராலின் கப்பற்படையில் சென்ற வானியலாளர் ஜுவான், பிரேசில் கரையிலிருந்து தம் மன்னருக்கு எழுதிய மடலில் 'இந்தியப் பலகைகள்' பற்றிப் பேசுகிறார்.

நம் சோழமண்டலக் கரையிலும் அது இருந்தது. 'இராப்பலகை' என்றனர். இக்கரை மாலுமிகள் முடிச்சுக் கயிற்றோடு அதைக் கையாண்ட முறையைக் காங்கிரீவ் என்னும் ஆங்கிலேயர் 1850-இல் சென்னையில் வெளிவந்த ஆய்விதழ் ஒன்றில் எழுதிவைத்தார். அப்போது ஆங்கிலக் கப்பல்களில் செக்ஸ்டன்ட் கருவி புழக்கத்துக்கு வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.