நேர்முகத் தேர்வில் கேட்கப்பட்ட ஒரு கேள்வியின் வரலாறு

நேர்முகத் தேர்வுக்குச் செல்லவிருந்த இளைய ஆய்வாளர் ஒருவர் சென்ற வாரம் என்னிடம் கேட்டார்: "திருமணம் எப்போது என்று கேட்டால் உண்மையைச் சொல்லவா, மழுப்பவா?" உடனே விடை கூற இயலவில்லை. ஆனால் அக்கேள்விக்கு இந்நாட்டில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதில் சிறு பகுதியை இங்கே பதிகிறேன்.

குடகைச் சேர்ந்தவரும் சென்னையில் பயின்றவருமான சி. பி. முத்தம்மா, இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். நேர்முகத்தின்போது தேர்வாணையத் தலைவரே தம்மைப் பின்வாங்கச் செய்ய முயன்றதாகவும், வாய்மொழித் தேர்வில் குறைந்த மதிப்பெண் கிடைக்கும்படி செய்ததைப் பின்னாளில் அவரே தம்மிடம் தெரிவித்ததாகவும் உச்ச நீதிமன்றத்தில் அளித்த மனுவில் முத்தம்மா குறிப்பிட்டார். மணம் செய்துகொண்டால் பதவி விலகுவேன் என்ற உறுதிமொழியும் அவரிடம் பெறப்பட்டது.

1951இல் அன்னா ராஜம் ஆட்சிப் பணிக்கான நேர்முகத்துக்கு வந்தபோது தேர்வாளர்களின் அறிவுரை வேறாக இருந்தது: வெளியுறவுப் பணியும் மத்தியப் பணிகளுமே பெண்களுக்கு ஏற்றவை என்றனர். ஒருவருக்கு ஒவ்வாததெனச் சொல்லப்பட்ட பணி, சில ஆண்டுகளில் மற்றொருவருக்கு உகந்ததாகிவிட்டது! பணி எதுவாயினும், வந்தவர் கேட்டது மட்டும் பெண்ணுக்கு ஏற்றதாக இருக்கவில்லை. அன்னா ராஜம் வாதிட்டுச் சென்னை மாகாணத்தையே பெற்றார். மணம் புரிந்தால் பணி முடிவுறும் என்ற நிபந்தனை அவருடைய நியமன ஆணையிலும் இருந்தது. முத்தம்மாவின் வழக்கில் 1979இல் தீர்ப்பளித்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் இத்தகைய விதிகளைக் கடுமையாகக் கண்டித்தார்.

எனினும் என்னை மிகுதியும் சிந்திக்க வைப்பது மற்றொரு வழக்கு. 1989இல் தில்லியில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் உதவியாளர் பணிக்கு எழுத்துத் தேர்விலும் நேர்முகத்திலும் வென்ற ஒரு பெண்ணிடம் உறுதிமொழிப் படிவம் ஒன்று தரப்பட்டது. மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, வலி உண்டா, கடைசியாக வந்த நாள் எது, எத்தனை முறை கருவுற்றார், கருச்சிதைவு நேர்ந்ததா என்றெல்லாம் அது வினவியது. அவர் நிரப்பிக் கொடுத்தார். கழகத்தின் பெண் மருத்துவரும் பரிசோதித்துத் தகுதியுடையவர் என்றார். பயிற்சி முடிந்து பணியில் சேர்ந்தவர், மகப்பேறு விடுப்பில் சென்று 1990 ஜனவரியில் குழந்தை பெற்றார். பிப்ரவரியில் பணிநீக்க ஆணை வந்தது. தகுதிகாண் காலம் அப்போது முடிந்திருக்கவில்லை.

மாதவிடாய் நாளைப் பொய்யாக எழுதினார் என்பதே கழகத்தின் வாதம். உயர் நீதிமன்றம் மனுவை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமோ, 1991இல் அளித்த தீர்ப்பில், விடையை விட்டுவிட்டு வினாவின் பக்கம் திரும்பியது. தன்மானமுள்ள ஒரு பெண் இவற்றையெல்லாம் வெளியிடத் தயங்குவது இயல்பே எனக் கருதி, அவரை மீண்டும் பணியில் அமர்த்தவும், படிவத்திலிருந்து அப்பகுதிகளை நீக்கவும் ஆணையிட்டது.

அச்சில் இருந்ததால்தான் அந்த வினாக்களை நீதிமன்றத்தின்முன் வைக்க முடிந்தது. மூடிய அறையில் புன்னகையோடு கேட்கப்படும் "திருமணம் எப்போது?" எந்தத் தாளிலும் பதிவாவதில்லை. இளைய ஆய்வாளரிடம் இத்தீர்ப்பின் நகலைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அப்படியானால் பொய் சொல்லலாமா?" என்று மீண்டும் கேட்டார்.