முடிவில்லாத செய்தியும் தீராத பதற்றமும்

இணையத்தில் கெட்ட செய்திகளை விடாமல் தேடிப் படிப்பது மனநலத்தைக் கெடுக்கும் என்ற கருத்து, கொரோனா ஊரடங்குக்குப் பின் பரவலாக ஏற்கப்பட்டுவிட்டது. ‘டூம்ஸ்குரோலிங்’ என்று அதற்குப் பெயரும் வந்தது; செய்தியையே தவிர்த்துவிடுங்கள் என்ற அறிவுரையும் உடன் வந்தது. இப்பார்வை அறிகுறியைச் சரியாகக் கண்டிருக்கிறது, காரணத்தை வேறிடத்தில் தேடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். போரும் கொள்ளைநோயும் பற்றிப் படிப்பவர் வேதனைப்படுவது இயல்பு; அதை நோய் என்று சொல்ல முடியாது. அந்த வேதனை நாள்பட்ட பதற்றமாக உறைவதற்கு, செய்தியின் உள்ளடக்கத்தைக் காட்டிலும் அது வந்துசேரும் முறையே பெரிதும் காரணமாகிறது. ஒரே நிகழ்வு திரும்பத் திரும்ப வருகிறது, எதுவும் தீர்ந்து முடிவதில்லை, படிப்பவர் செய்வதற்கும் அதில் எதுவும் இல்லை. இம்மூன்றும் கூடும் இடத்தில்தான் அறியும் ஆவல் கட்டாயப் பழக்கமாக மாறுகிறது.

திரும்ப வருவதன் வலிமைக்குப் பாஸ்டன் நகரம் சான்று தருகிறது. 2013 ஏப்ரல் 15 அன்று அங்கு நடந்த மாரத்தான் ஓட்டத்தில் குண்டுகள் வெடித்து மூவர் இறந்தனர். இருநூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அடுத்த சில வாரங்களில் அலிசன் ஹோல்மன், டானா ரோஸ் கார்ஃபின், ராக்சேன் கோஹன் சில்வர் ஆகியோர் 4,675 அமெரிக்கர்களிடம் ஆய்வு நடத்தினர். வெடிப்புக்குப் பிந்தைய வாரத்தில் நாளொன்றுக்கு ஆறு மணிநேரமோ அதற்கு மேலோ அதுபற்றிய செய்திகளில் மூழ்கியிருந்தவர்கள், சம்பவ இடத்திலோ அருகிலோ இருந்தவர்களைவிடக் கடுமையான மன உளைச்சலைத் தெரிவித்தனர். நேரில் கண்டவருக்கு நிகழ்வு ஒருமுறை நிகழ்ந்தது. திரையில் கண்டவருக்கு வாரம் முழுக்க நிகழ்ந்துகொண்டே இருந்தது. அந்த ஆறு மணிநேரக் கணக்கில் தொலைக்காட்சி, வானொலி, அச்சு, இணையம் எல்லாம் அடங்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். ஆகவே பழியைச் செல்பேசி என்ற ஒரு கருவியின் மேல் மட்டும் போட இயலாது. மாறியது செய்திக்கு இருந்த எல்லை: முன்பு வானொலிச் செய்தியறிக்கை குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிந்தது. நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் இருந்தது. 24 மணிநேரச் சேனல் அந்த எல்லையைக் கரைக்கத் தொடங்கியது. 2006இல் ஆசா ராஸ்கின் உருவாக்கிய, கீழே நகர்த்த நகர்த்த வளர்ந்துகொண்டே போகும் பக்க வடிவம் பின்னர் சமூக ஊடகங்களில் பரவியபோது, பக்கத்தின் அடிவிளிம்பும் மறைந்தது.

எல்லையற்ற செய்தி ஏன் வதைக்கிறது என்பதற்கு நிச்சயமின்மை பற்றிய ஆய்வுகள் ஒரு விடை தருகின்றன. ஆர்ச்சி டி பெர்க்கரும் உடனாய்வாளர்களும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 45 பேரை ஒரு கணினி விளையாட்டில் ஈடுபடுத்தி, 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். திரையில் தோன்றும் பாறைக்கு அடியில் பாம்பு இருக்குமா என்று பங்கேற்பவர் ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் மின்னதிர்ச்சி பாயும். அதிர்ச்சி உறுதி என்று தெரிந்த நிலையைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்ற நிலையிலேயே உளைச்சல் உச்சத்தைத் தொட்டது. உடனுக்குடன் வரும் இணையச் செய்தி இந்த அரைகுறை நிலையை ஓயாமல் உற்பத்தி செய்கிறது. உயிரிழப்பு உயரக்கூடும், தாக்குதல் தொடரலாம் என்று வரும் ஒவ்வொரு வரியும் ஒரு கேள்விக்கு விடை தருவதுபோல் தோன்றி, இரண்டு புதிய கேள்விகளைத் திறக்கிறது. இதற்குச் சந்தையின் உந்துதலும் உண்டு. அப்வர்த்தி தளத்தின் ஏறத்தாழ 1,05,000 தலைப்பு வடிவங்களை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வில், சராசரி நீளமுள்ள தலைப்பில் ஓர் எதிர்மறைச் சொல் கூடினால் சொடுக்கும் விகிதம் 2.3 சதவீதம் கூடியது. வாசகரை வதைக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடத் தேவையில்லை. சொடுக்கைக் கணக்கிட்டுத் தலைப்பைத் தேர்ந்தாலே போதும்.

இந்த வாதத்துக்கு முதல் மறுப்பு காரணகாரியத்தின் திசை பற்றியது: ஏற்கெனவே பதற்றம் உள்ளவர்களே கெட்ட செய்தியைத் தேடுகிறார்கள், செய்தி அவர்களைப் பதற்றப்படுத்தவில்லை என்பது. இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் பாஸ்டன் ஆய்வாளர்கள் பங்கேற்றோரின் முந்தைய மனநலத்தைக் கணக்கில் கொண்ட பிறகும் தொடர்பு மறையவில்லை. வெளியிலிருந்து ஊட்டப்படும் செய்தியும் தனியே வேலை செய்கிறது: ஜான்ஸ்டனும் டேவியும் 1997இல் வெளியிட்ட சிறிய சோதனையில், 14 நிமிட எதிர்மறைச் செய்தியறிக்கையைப் பார்த்தவர்களிடம் துயரமும் பதற்றமும் கூடின. அதோடு, செய்திக்குத் தொடர்பில்லாத தங்கள் சொந்தக் கவலைகளையும் அவர்கள் பேரிடராகப் பெருக்கிப் பார்த்தனர். 2019இல் வெளியான தாம்சன் முதலானோரின் மூன்றாண்டு ஆய்வு இரு திசைகளையும் இணைக்கிறது. பாஸ்டன் செய்திகளில் மிகுதியாக மூழ்கியவர்களிடம் பிறகு எதிர்காலம் பற்றிய கவலை வளர்ந்தது. அக்கவலையே 2016இல் ஆர்லாண்டோ துப்பாக்கிச் சூட்டுச் செய்திகளை அவர்கள் கூடுதலாகப் பார்ப்பதற்கும், அதன்வழி புதிய உளைச்சலுக்கும் இட்டுச்சென்றது. பதற்றம் செய்தியைத் தேடுகிறது, செய்தி பதற்றத்தை வளர்க்கிறது. சுழலில் தொடக்கப் புள்ளியைத் தேடுவதைவிட, அது எங்கே அறுபடும் என்று கேட்பதே பயன் தரும்.

இரண்டாம் மறுப்பு விளைவின் அளவு பற்றியது. எமி ஆர்பெனும் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கியும் 2019இல் காட்டியபடி, பதின்பருவத்தினரின் மனநல வேறுபாட்டில் டிஜிட்டல் கருவிப் பயன்பாடு விளக்குவது மிஞ்சிப்போனால் 0.4 சதவீதமே. மிகை அச்சத்துக்கு இது தேவையான கடிவாளம்தான். எனினும் அந்த எண் அரட்டை, விளையாட்டு, பாடம், செய்தி எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கூட்டிய சராசரி. மக்லாஃப்லின் குழுவினர் 1,100 அமெரிக்கர்களிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், 16.5 சதவீதத்தினரின் செய்திப் பழக்கத்தில் மட்டுமே கடுமையான சிக்கல் தென்பட்டது. செய்திக்குச் செலவிடும் மொத்த அளவைச் சமன்செய்த பிறகும் அவர்களுடைய உடல், மன நலக்குறைவு கூடுதலாகவே இருந்தது. இது ஒருமுறை எடுத்த, தன்மதிப்பீட்டை நம்பிய ஆய்வு. தனியாக எதையும் நிறுவாது. ஆயினும் தொல்லை எத்தனை மணிநேரம் என்பதில் அடங்கிவிடுவதில்லை என்பதை அது சுட்டுகிறது. சராசரி மனிதருக்குத் தீங்கு சிறிது என்பதும், ஒரு சாராருக்கு அது பெரிது என்பதும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும்.

மூன்றாம் மறுப்பே கனமானது: குடிமகன் உலகின் துயரை அறியக் கடமைப்பட்டவன், மனநலத்தின் பெயரால் அறியாமையைப் பரிந்துரைக்கலாமா? 2018 அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முன் நான்கு வாரம் முகநூலை நிறுத்தியவர்களை ஆராய்ந்த ஹன்ட் ஆல்காட் குழுவினர், அவர்களுடைய மனநிறைவு சிறிதளவு உயர்ந்ததையும் நாட்டுநடப்பு பற்றிய அறிவு குறைந்ததையும் ஒருங்கே கண்டனர். விலகலுக்கு விலை உண்டு. உள்ளடக்கத்தையே குற்றவாளியாக்கினால், 2009இல் வன்னிப் போரின் இறுதி மாதங்களில் இரவுபகலாகச் செய்தித் தளங்களைப் பார்த்திருந்த புலம்பெயர் ஈழத்தமிழரையும் நோயாளிப் பட்டியலில் சேர்க்க வேண்டிவரும். உறவினரின் உயிர்நிலை தெரியாதவர் செய்தி தேடுவதைக் கோளாறு என்று சொல்வது அறமாகாது. அவர்கள் பட்ட வேதனை பெரிது. ஆனால் அந்தச் செய்தி லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்திலும் டொரொண்டோவின் கார்டினர் விரைவுச்சாலையிலும் அவர்களைத் திரட்டவும் செய்தது. அறிதல் செயலுக்கு வழிவிட்ட இடம் அது. செயலுக்கு வழியற்ற, புதிதாக எதையும் சொல்லாத நாற்பதாவது காணொளியை அதே தட்டில் வைக்க முடியாது. முன்வைத்த வாதம் இந்த மறுப்போடு மோதவில்லை. எதை அறிய வேண்டும், எதை மீண்டும் பார்க்கத் தேவையில்லை என்று பிரித்துக்காட்டி அதற்குத் துணை நிற்கிறது.

இதிலிருந்து தீர்வின் திசையும் மாறுகிறது. 2020 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம், கொரோனா பற்றிய தகவலை நாளுக்கு ஓரிரு முறை, குறித்த நேரத்தில் பெறுமாறு அறிவுறுத்தியது. அது செய்தியைத் துறக்கச் சொல்லவில்லை. இழந்துபோன எல்லையை மீட்கச் சொன்னது. அந்தப் பொறுப்பைத் தனிமனிதரின் மனவுறுதிக்கே விட்டுவிடுவது போதாது. செய்தி நிறுவனங்கள் முந்தைய பதிவிலிருந்து எது புதிது என்று பிரித்துக் காட்டலாம். உறுதியானது எது, ஊகம் எது, அடுத்த நம்பகமான தகவல் எப்போது வரும் என்று சொல்லலாம். மனநல மருத்துவர், எத்தனை மணிநேரம் பார்க்கிறீர்கள் என்பதோடு நிறுத்தாமல், கடைசி ஒரு மணிநேரத்தில் புதிதாக என்ன தெரிந்துகொண்டீர்கள், அதைக்கொண்டு என்ன செய்ய முடிந்தது என்றும் கேட்கலாம். வாசகரைச் செய்தியிலிருந்து விரட்டும் அறிவுரை பதற்றத்தைச் சிறிது தணிக்கக்கூடும். ஆனால் அந்த நிம்மதிக்குப் பொதுவாழ்வு அறியாமையால் விலை கொடுக்க நேரும். செய்திக்கு முடிவிடத்தைத் திருப்பித் தரும் சீர்திருத்தம் மனநலத்தையும் குடிமையறிவையும் ஒருசேரக் காக்க வல்லது என்பதால், ஆய்வும் கொள்கையும் அதன்மேல் கவனம் செலுத்த வேண்டும்.