241-ஆம் இடத்து எழுத்து

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துழாவிக்கொண்டிருந்தபோது சித்தப்பாவின் மின்னஞ்சல்கள் அகப்பட்டன. 2001-இல் டொராண்டோவிலிருந்து எனக்கு எழுதியவை. மொத்தம் பதினொன்று. அவர் இறந்து ஆறு வருஷமாகிறது. திறந்து பார்த்தால் ஒரு எழுத்துகூடத் தமிழில் இல்லை. எல்லாக் கடிதமும் ஒரே நான்கு குறிகளோடு தொடங்கியது: காற்புள்ளி மாதிரி ஒரு வால், தலையில் அலைக்கோடு போட்ட ஆங்கில 'என்', அரை என்கிற பின்னம், தலைகீழாக நிற்கும் ஆச்சரியக்குறி.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இந்தக் கடிதங்களை நான் அப்போதும் படிக்கவில்லை. "நான் அனுப்புற ஃபாண்டைப் போட்டுக்கோடா, அப்பத்தான் தமிழ் தெரியும்" என்று ஃபோனில் சொன்னார். எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் ஃபாண்ட் ஏற்ற விட மாட்டார்கள். நானும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. 'படிச்சேன் சித்தப்பா, சூப்பர்' என்று ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பிவிட்டேன். பதினொரு தடவை.

அலைக்கோடு போட்ட அந்த எழுத்து ஸ்பானிஷ்காரர்களுடையது. பெயர் 'எஞே'. ஒலி ஏறக்குறைய நம்ம 'ஞ'. சித்தப்பாவுக்கு ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது. அவர் கடிதத்துக்குள் அது எப்படி வந்தது என்று தேடப்போய், அந்த எழுத்தின் கதைக்குள் விழுந்தேன்.

எஞே பிறந்ததே சிக்கனத்தில்தான். இடைக்காலத்தில் கையால் நூல்களைப் படியெடுத்தவர்கள், இரண்டு 'என்' அடுத்தடுத்து வந்தால் ஒன்றை எழுதி, இன்னொன்றைச் சின்னதாக அதன் தலைமேல் போட்டார்கள். இடமும் மிச்சம், நேரமும் மிச்சம். நாளடைவில் அந்தச் சின்ன 'என்' ஒரு அலைக்கோடாகத் தேய்ந்தது. லத்தீனில் ஆண்டைக் குறிக்கும் 'அன்னுஸ்', ஸ்பானிஷில் 'ஆஞோ' ஆனது இப்படித்தான். இதே ஒலிக்கு இத்தாலியர்கள் 'ஜி'யையும் 'என்'னையும் சேர்த்து எழுதுகிறார்கள், போர்த்துக்கீசியர்கள் 'என்'னோடு 'எச்' சேர்க்கிறார்கள். ஸ்பானிஷுக்கு மட்டும் ஒரே எழுத்து போதும்.

அந்தக் கோட்டை விட்டுவிட்டால் என்ன குடி மூழ்கிவிடும்? 'ஆஞோ' என்பது 'ஆனோ' ஆகிவிடும். ஆனோ என்றால் ஆசனவாய். எனக்கு இருபது வயது என்று எழுத நினைத்தவர் எனக்கு இருபது ஆசனவாய் என்று எழுதிவிட்டுப் போவார்.

கம்ப்யூட்டர் எழுத்துகளை எண்களாகத்தான் வைத்துக்கொள்கிறது. 1963-இல் அமெரிக்காவில் வந்த ஆஸ்கி முறையில் மொத்தமே 128 இடங்கள். ஆங்கிலத்துக்கு அது தாராளம். எஞேவுக்கு இடமில்லை. 1981-இல் ஐபிஎம் பிசி வந்தபோது இடங்கள் 256 ஆகி, சின்ன எஞேவுக்கு 164 என்ற எண் கிடைத்தது. ஆனால் அமெரிக்கக் கீபோர்டில் அதற்குச் சாவி கிடையாது. 'ஆல்ட்'டை அழுத்திக்கொண்டு 164 தட்ட வேண்டும். ஒரு எழுத்துக்கு மூன்று இலக்கங்களை மனப்பாடம் செய்தார்கள்.

ஸ்பெயின் சட்டமே வைத்திருந்தது: இங்கே விற்கும் கீபோர்டில் எஞே இருந்தாக வேண்டும். 1991-இல் ஐரோப்பியச் சமூகம், அது தடையற்ற வணிகத்துக்கு முட்டுக்கட்டை என்று ஆட்சேபித்தது. ஸ்பானிஷ் உலகம் கொதித்தது. ராயல் ஸ்பானிஷ் அகாதமி கண்டித்தது. கொலம்பியாவிலிருந்து கார்சியா மார்க்வெஸ் எஞேவுக்காகக் குரல் கொடுத்தார். 1993 ஏப்ரலில் ஸ்பெயின் அரசு, மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில் பண்பாட்டுக்குத் தந்திருந்த விலக்கைச் சுட்டிக்காட்டி, எஞே சாவி கட்டாயம் என்று ஆணை பிறப்பித்தது. சாவி தப்பியது.

இத்தனைக்கும் 164 என்ற எண் அப்போதும் இருந்தது. தெரிந்தவர்கள் எப்படியும் தட்டியிருப்பார்கள். தெரியாதவர்கள், பொறுமையில்லாதவர்கள், 'போதும் விடு, புரியுதுல்ல' என்கிறவர்கள் கோட்டை விட்டுவிட்டு எழுதப் பழகியிருப்பார்கள். ஸ்பெயின் பயந்தது அந்தப் பழக்கத்துக்குத்தான் என்று நினைக்கிறேன். அந்த மூன்றாவது வகை ஆள் நான்.

இனி சித்தப்பாவின் கடிதம். பின்னால் வந்த விண்டோஸ் கணினிகளில் எஞேவின் எண் 241. 1990-களின் இறுதியில், பல நாடுகளில் இருந்த தமிழர்கள் இணையத்தில் கூடிப் பேசி, 'திஸ்கி' என்ற குறியீட்டு முறையை உருவாக்கினார்கள். கீழ்ப்பாதி 128 இடங்களை ஆங்கிலத்துக்கே விட்டுவிட்டு, மேல்பாதியில் தமிழைக் குடிவைத்தார்கள். தமிழ் ஃபாண்ட் இருந்தால் அந்த எண்கள் தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் ஐரோப்பியக் குறிகளாகத் தெரியும். திஸ்கியில் 241-ஆம் இடம் 'ண்'.

நான்கு குறிகளையும் பட்டியலில் வைத்துப் பார்த்தேன். வால் என்பது 'க'. எஞே என்பது 'ண்'. அரை என்பது 'ண'. தலைகீழ் ஆச்சரியக்குறி ஒரு துணைக்கால்.

கண்ணா.

ஆங்கில எழுத்தில் நான் எழுதிய பதில்களில் ந, ன, ண மூன்றுக்கும் ஒரே 'என்'தான். அவரோ அந்த 'ண்' ஒன்றுக்காக ஃபாண்ட் தேடி, கீபோர்டு பழகி, வேலை முடிந்து வந்து உட்கார்ந்து தட்டியிருக்கிறார்.

நேற்று இரவு பதினொன்றையும் யூனிகோடுக்கு மாற்றினேன். கடைசிக் கடிதத்தின் கடைசி வரி: "எழுத்து சரியா தெரியுதா? தெரியலைன்னா சொல்லு, வேற வழி பார்ப்போம்."

நான் சொல்லவேயில்லை.