நிக்கல் கிடைக்காத நாட்டின் ஜெட் என்ஜின்

இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்தும் ஜெர்மனியும் தனித்தனியே ஜெட் என்ஜின் செய்யப் போராடிக் கொண்டிருந்தன. காகிதத்தில் கணக்குப் போடுவது இரு நாட்டுப் பொறியாளர்களுக்கும் கைவந்திருந்தது. ஆனால் அந்தச் சூட்டைத் தாங்கும் உலோகத்துக்கு எங்கே போவது?

ஜெட் என்ஜினில் அதிகம் அவதிப்படும் பாகம் டர்பைன் பிளேடுதான். சுமார் 700 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில் எரிந்த வாயு அதன்மீது பாய்கிறது. போதாக்குறைக்கு நிமிடத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலவும் வேண்டும். சாதாரண எஃகு இந்தச் சூட்டில் இரண்டு வகையில் கெட்டுவிடும். ஒன்று, காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து செதில் செதிலாக உதிரும். இரண்டு, சுழற்சியின் இழுவிசையால் மெல்ல மெல்ல நீளும். இதை 'க்ரீப்' என்பார்கள். நீண்டுகொண்டே போனால் பிளேடு முறிந்துவிடும்.

இங்கிலாந்தின் வழி:

ஃபிராங்க் விட்டிலின் என்ஜின் பொருத்திய விமானம் 1941 மே 15 அன்று பறந்தது. தொடக்கத்தில் அங்கும் எஃகு பிளேடுகளே இருந்தன. பிறகு வந்தது 'நிமோனிக் 80' என்ற உலோகக் கலவை. இதன் மூலம் நமக்குத் தெரிந்ததுதான்! மின்சார அடுப்பில் சிவந்து எரியும் நிக்ரோம் கம்பியில் 80 சதவீதம் நிக்கல், 20 சதவீதம் குரோமியம். குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய ஆக்ஸைடு படலமாகி, உள்ளே அரிக்க விடாது. அதோடு சிறிதளவு டைட்டானியமும் அலுமினியமும் சேர்த்ததும் க்ரீப்பும் கட்டுப்பட்டது. தேவையான நிக்கல் கனடாவிலிருந்து கிடைத்தது.

ஜெர்மனியின் வழி:

யுங்கர்ஸ் நிறுவனத்தில் ஆன்செல்ம் ஃபிரான்ஸ் வடிவமைத்த யூமோ 004 என்ஜினின் முதல் மாதிரியில் நிக்கல், கோபால்ட், மாலிப்டினம் எல்லாம் தாராளமாகவே இருந்தன. ஆயிரக்கணக்கில் தயாரிக்க அவை போதவில்லை. எனவே எரியறைகளைச் சாதாரண எஃகில் செய்து அலுமினியம் பூசினார்கள். பிளேடுகளுக்கு முதலில் 30 சதவீத நிக்கல் உள்ள 'டினிடூர்', பின்னர் நிக்கலுக்குப் பதில் மாங்கனீஸ் சேர்த்த 'குரோமடூர்' பயன்பட்டன. குறையை ஈடுகட்ட, பிளேடுகளை உள்ளீடற்றதாகச் செய்து உள்ளே காற்றைச் செலுத்திக் குளிர்வித்தார்கள்.

விளைவு என்ன? என்ஜினின் ஆயுள் வெறும் 10 முதல் 25 மணி நேரம்தான். விமானி வேகத்தை வெடுக்கென்று கூட்டினால் என்ஜின் தீய்ந்துபோகும் அபாயமும் இருந்தது. 1,400-க்கும் மேற்பட்ட மெசர்ஷ்மிட் 262 விமானங்கள் கட்டப்பட்டும், போருக்குப் போனவை அதில் ஒரு பகுதியே. எரிபொருள் தட்டுப்பாடு, குண்டுவீச்சு ஆகியவற்றோடு இந்த என்ஜினும் ஒரு காரணம்.

ஃபிரான்ஸுக்கு நல்ல உலோகம் எது என்று தெரியாமல் இல்லை. கையில் இருந்ததை வைத்துத்தான் அவர் தேர்ந்தெடுக்க முடிந்தது. ஒரு தொழிற்சாலைக்கு உலோகம் வாங்கும்போது சூட்டையும் அரிப்பையும் தாங்குமா என்று பார்த்தால் மட்டும் போதாது. தேவையான அளவு, தேவையான காலம் வரை கிடைக்குமா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். இன்றைய ஜெட் என்ஜின்களின் டர்பைன் பிளேடுகளும் பெரும்பாலும் நிக்கல் கலவைகள்தான். அந்தக் கேள்வியும் இன்றுவரை பழசாகவில்லை.