கைத்துப்பாக்கிப் பிடித்தகடுகள்

கைத்துப்பாக்கியின் சட்டகத்தில் இருபுறமும் பொருத்தப்பட்டு, சுடுபவரின் உள்ளங்கையோடு ஒட்டியிருக்கும் தகடுகள் பிடித்தகடுகள் எனப்படும். மரம், கடின ரப்பர், கொம்பு, தந்தம், பிளாஸ்டிக், உலோகம் எனப் பல பொருள்களில் இவை செய்யப்பட்டுள்ளன. குண்டின் வேகத்தையோ குழலின் துல்லியத்தையோ இவை மாற்றுவதில்லை. ஆனால் அந்தத் துல்லியம் சுடுபவரின் கைக்கு வந்து சேருமா என்பது பெரும்பாலும் இவற்றைப் பொறுத்தது. துப்பாக்கி உடையவர் தன் கைக்கேற்ப மாற்றிக்கொண்ட முதல் உறுப்பும் இதுவே. பிடித்தகடுகளின் வரலாற்றை அவை செய்யப்பட்ட பொருள்களின் வரலாறாகவே பலரும் சொல்லிவந்துள்ளனர். ஆனால் அந்த வரலாற்றை நடத்தியவை தகட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் திருகும் மரையும் ஆணியும்தாம். பொருத்தும் முறை மாறிய ஒவ்வொரு தடவையும், எதை மாற்றலாம், யார் மாற்றலாம் என்பதும் மாறியது.

ஒற்றைக் கட்டையிலிருந்து இரு தகடுகளுக்கு

சக்கிமுக்கிக் கல் பொறியால் வெடித்த 18ஆம் நூற்றாண்டுக் கைத்துப்பாக்கியில் கைப்பிடி தனி உறுப்பு அன்று. குழலைத் தாங்கும் மரக்கட்டையே பின்னால் வளைந்து கைப்பிடியாகும். பெரும்பாலும் அது வால்நட் மரம். இழை நெருக்கமானது, அதிர்ச்சி தாங்குவது, செதுக்கவும் இசைவது. ஆனால் கைப்பிடியில் விரிசல் விழுந்தால் துப்பாக்கியை முழுவதும் பிரித்து, வேறொரு கட்டையில் எல்லா உறுப்புக்கும் பள்ளம் தோண்ட வேண்டும். அது கைதேர்ந்த கொல்லரின் வேலை.

சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற சுழல்துப்பாக்கியோடு நிலைமை மாறத் தொடங்கியது. அதன் சட்டகம் இரும்பு. மரம் கைப்பிடிக்குள் சுருங்கியது. இருந்தாலும் கோல்ட்டின் 1851 நேவி மாதிரியிலும், புகழ்பெற்ற 1873 ‘சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி’யின் படைத்துறைப் பிரதிகளிலும் கைப்பிடி ஒரே மரத்துண்டாகவே இருந்தது. முதுகுப் பட்டைக்கும் முன்பட்டைக்கும் இடையே அது சிக்கியிருக்கும். அதை எடுக்க, சுத்தியலுக்கு அருகே இரண்டும் அடியில் ஒன்றுமாக மூன்று திருகுகளைக் கழற்றி முதுகுப் பட்டையையே அகற்ற வேண்டும்.

தெளிவான திருப்பம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்திடமிருந்து வந்தது. 1857இல் வெளியான அதன் முதல் மாதிரியில் ஈட்டி மரத்தால் ஆன இரண்டு தகடுகள் சட்டகத்தின் இருபுறமும் அமர்ந்தன. ஒரே திருகு இரண்டையும் ஊடுருவிப் பிணைத்தது. தகடு சுழன்றுவிடாமல் அடியில் ஒரு சிறு ஆணி தடுத்தது. ஒரு திருகு, ஓர் ஆணி என்ற இந்த எளிய ஏற்பாடு இன்றும் சுழல்துப்பாக்கிகளில் நிலைத்திருக்கிறது. கோல்ட் நிறுவனமும் 1882 அளவில் இதே வழிக்கு வந்து, கழுகுச் சின்னம் பதித்த கடின ரப்பர் தகடுகளைத் தன் துப்பாக்கிகளில் பொருத்தியது.

கடின ரப்பர் என்பது ரப்பரோடு கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடேற்றிக் கிடைக்கும் கறுப்புப் பொருள். அச்சில் வார்த்தால் எத்தனை தகடும் ஒரே மாதிரி வரும்; செதுக்குபவருக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் வெப்லி சுழல்துப்பாக்கிகளிலும் இதே பொருள் இடம்பெற்றது. பிரிட்டிஷ் இந்தியாவின் படையிலும் காவல் துறையிலும் அதிகாரிகள் இடுப்பில் தொங்கிய வெப்லியின் கட்டம்போட்ட கறுப்புப் பிடி இதுதான். வெயில் பட்டால் இது பழுப்பாகும். பழையதானால் கண்ணாடிபோல் நொறுங்கும். பழந்துப்பாக்கிகளில் தகட்டைக் கழற்றும்போது உடைவது மிகச் சாதாரணம். தகட்டின் விளிம்பில் எதையும் நுழைத்து நெம்பாமல், திருகைப் பாதி தளர்த்தி அதன் தலையை மெல்லத் தட்டி, எதிர்ப்பக்கத் தகட்டை உள்ளிருந்தே எழும்ப விடுவது அனுபவசாலிகளின் வழக்கம்.

தந்தமும் கொம்பும்

தகடு தனி உறுப்பானவுடன் அது அந்தஸ்தின் அடையாளமாகவும் ஆயிற்று. தந்தமும் முத்துச்சிப்பியும் பரிசுத் துப்பாக்கிகளை அலங்கரித்தன. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பேட்டன் 1916இல் வாங்கிய கோல்ட்டும், 1935இல் வாங்கிய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மேக்னமும் தந்தப் பிடி கொண்டவை. அவற்றை முத்துச்சிப்பி என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

மேற்குலகில் விரும்பப்பட்ட இன்னொரு பொருள் நம் காடுகளிலிருந்து போனது. கடமான் ஆண்டுதோறும் உதிர்க்கும் கொம்பு, மற்ற மான்களின் கொம்பைவிட உள்ளே கெட்டியானது. அறுத்துத் தகடாக்கினாலும் பஞ்சுபோன்ற பகுதி குறைவாகவே தெரியும். கத்திப் பிடிக்கும் துப்பாக்கித் தகட்டுக்கும் இந்தியா அதை நெடுங்காலம் ஏற்றுமதி செய்தது. 1990களின் இறுதியில் அந்த ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1989இல் தடை முடிவானது. இரண்டு தடைகளும் சரியானவை. ஒரு திருகால் பிணைக்கப்படும் அலங்காரத்துக்காக யானை கொல்லப்பட்ட காலம் நீண்டது. தந்தத்தைப்போலத் தோன்றும் செயற்கைப் பொருள்கள் இன்று ஏராளமாகக் கிடைக்கின்றன.

1911: நான்கு புஷ்கள்

பிடித்தகடு மாற்றுவதைத் தனிக் கலையாகவும் தனி வணிகமாகவும் வளர்த்தது ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 கோல்ட் பிஸ்டல். 1911 மார்ச் 29 அன்று அமெரிக்கப் படை அதை ஏற்றுக்கொண்டது. சுழல்துப்பாக்கியில் கைப்பிடியின் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஸ்பிரிங்கும் வெற்றிடமும்தான். இங்கே கைப்பிடிக்குள் ஏழு தோட்டாக்கள் கொண்ட மேகசின் நுழைகிறது. ஆகவே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் திருகு செலுத்த வழியில்லை. சட்டகத்தின் சுவரோ மெல்லியது. அதில் நேரடியாக மரை வெட்டினால் மிகச் சில சுற்றுகளே பிடிக்கும்.

இதற்குப் பிரவுனிங் கண்ட தீர்வு புஷ். ஒவ்வொரு பக்கமும் இரண்டாக நான்கு சிறு எஃகுப் புஷ்கள் சட்டகத்தில் முறுக்கி ஏற்றப்பட்டன. அவற்றின் உள்முனை மேகசின் குழிக்குள் சற்றே தட்டி விரிக்கப்பட்டது, கழன்றுவிடாமல் இருப்பதற்காக. தகட்டின் துளை இந்தப் புஷ்ஷின் கழுத்தில் கச்சிதமாக அமரும். அதன் பிறகே திருகு. சுடும்போது வரும் பின்னுதைப்பைத் தாங்குவது புஷ்ஷின் கழுத்து. திருகு தகட்டைச் சட்டகத்தோடு ஒட்டவைக்கும் வேலையை மட்டும் செய்கிறது. இந்தப் பங்கீடு அறியாதவர்களே திருகை வன்மையாக முறுக்கித் தகட்டைப் பிளக்கிறார்கள். கையால் இறுகும்வரை முறுக்கினால் போதும்.

அந்தத் திருகின் மரை அங்குலத்துக்கு 50. புஷ்ஷின் வெளிமரை அங்குலத்துக்கு 60. கடையில் கிடைக்கும் சாதாரணத் திருகு எதுவும் இதற்குப் பொருந்தாது. பொருந்தாததை வற்புறுத்தி ஏற்றினால் சட்டகத்தின் மரை கெடும். அப்புறம் பெரிய அளவுப் புஷ் தேடுவதைத் தவிர வழியில்லை. பழைய துப்பாக்கியில் இன்னொரு தொல்லை: துருவால் இறுகிய திருகைச் சுழற்றும்போது திருகுக்குப் பதிலாகப் புஷ்ஷே சேர்ந்து கழன்றுவரும். கழன்ற புஷ்ஷைத் திரும்ப ஏற்றும்போது உள்முனை மேகசின் குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு மயிரிழை நீண்டாலும் மேகசின் தடைபடும்.

திருப்புளியும் முக்கியம். ஆப்பு வடிவில் மெலிந்த வீட்டுத் திருப்புளி, திருகுத் தலையின் காடியை விளிம்பில் மட்டும் தொட்டு மேலே வழுக்கும். காடி சிதையும், தகட்டில் கீறல் விழும். இரு பக்கமும் இணையாகத் தீட்டப்பட்டு, காடியின் அகலத்தையும் ஆழத்தையும் நிறைக்கும் முனையையே துப்பாக்கிக் கம்மியர்கள் பயன்படுத்துகிறார்கள்.

முதல் தகடுகள் கட்டம் செதுக்கிய வால்நட். திருகுத் துளைகளைச் சுற்றி வைர வடிவில் செதுக்காத இடம் விடப்பட்டிருந்தது. துளையோரம் மரம் சிதறாமல் இருக்கவே அந்த ஏற்பாடு, பின்னால் அது அழகாகக் கருதப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் உற்பத்தி பெருகியபோது பழுப்புப் பிளாஸ்டிக் தகடுகள் வந்தன. படைவீரர்களில் சிலர் அந்தத் தகடுகளைக் கழற்றிவிட்டு, நொறுங்கிய விமானங்களின் ஒளிபுகும் பிளெக்ஸிகிளாஸை அறுத்துத் தங்கள் துப்பாக்கிக்குப் பொருத்தினார்கள். அடியில் மனைவியின் படம், காதலியின் படம். மறுபக்கத் தகட்டின் வழியே மேகசினில் எத்தனை தோட்டா மீதம் என்றும் பார்க்கலாம். நான்கு திருகுகள் இல்லையேல் இது நடந்திருக்காது. படை கொடுத்த ஒரே அச்சான கருவியில் தன்னுடையது என்று சொல்ல அந்த வீரருக்கு இருந்தது அந்த இரண்டு தகடுகள்தாம். இந்தக் கட்டுரையாளருக்குத் தெரிந்தவரை பிடித்தகடுகளின் வரலாற்றில் இதைவிட நெஞ்சைத் தொடும் அத்தியாயம் இல்லை.

தகடு செய்யும் மறைமுக வேலைகள்

தகடு வெறும் உறை என்று எண்ணி மாற்றியவர்கள் அடிபட்டிருக்கிறார்கள். 1911 பிஸ்டலில் பாதுகாப்பு விசைக்கு ஸ்பிரிங் அழுத்தம் தரும் சிறு குழாய் ஒன்று சட்டகத்தின் இடப்புறம் பொருத்தப்பட்டுள்ளது. இடத் தகட்டின் மேல்விளிம்பு அதைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த விளிம்பை மெலிதாக்கிய புதிய தகடு போட்டால் குழாய் தளர்ந்து விசை சிக்கக்கூடும். இரு பக்கமும் இயங்கும் பாதுகாப்பு விசை இருந்தால் வலத் தகட்டின் உள்ளே அதற்கெனப் பள்ளம் வேண்டும். அமெரிக்கப் படை 1985இல் ஏற்ற பெரெட்டாவில் வலத் தகட்டுக்கு அடியில் சுடுவிசைத் தண்டின் ஸ்பிரிங் இருக்கிறது. தகட்டை எடுத்ததும் அது துள்ளி ஓடிவிடலாம்.

ஜெர்மன் மவுசர் சி96இன் பிடித்தகடு எச்சரிக்கைப் பலகையாகவும் பயன்பட்டது. முதலில் 7.63 மி.மீ. தோட்டாவுக்குச் செய்யப்பட்ட இதை, முதல் உலகப் போரின்போது 1916இல் ஜெர்மன் படை 9 மி.மீ. அளவில் 1,50,000 எண்ணிக்கையில் கேட்டது. இரண்டும் ஒரே தோற்றம். தோட்டா மாறிப்போகாதிருக்க மரப்பிடியில் 9 என்ற எண்ணைப் பெரிதாகச் செதுக்கிச் சிவப்பு பூசினார்கள். 1931இன் வால்தர் பிபிகே இன்னும் ஒரு படி போனது: அதன் ஒற்றைப் பிளாஸ்டிக் பிடி, சட்டகத்தின் பின்புறத்தையும் தானே சூழ்ந்து கைப்பிடியின் வடிவமாகவே ஆயிற்று.

கைக்கேற்ற பிடி

சுழல்துப்பாக்கியின் விசைக்காப்பு வளையத்துக்குப் பின்னால் உள்ள இடைவெளியால், ஒவ்வொரு வேட்டுக்கும் அந்த வளையம் நடுவிரல் கணுவில் இடிக்கும். ஆற்றல் மிக்க மேக்னம் தோட்டா 1935இல் வந்தபோது இந்த வலி பெரும் குறையாயிற்று. இடைவெளியை நிரப்ப டைலர் என்பவர் செய்த சிறு வார்ப்புத் துண்டு, தகடுகளின் அடியில் மாட்டும் கொக்கியால் நின்றது, துளையிட வேண்டியதில்லை. ஐடஹோ மாநிலத்தின் ஹெரெட் பட்டறை, வாடிக்கையாளர் தாளில் கையை வைத்து வரைந்து அனுப்பிய அளவுக்கு மரப்பிடி கடைந்து தந்தது. கலிபோர்னியாவின் பாக்மயர் மென்ரப்பரைக் கொண்டுவந்தது. காவலராக இருந்த கை ஹோக் என்பவர், இரு தகடுகளையும் கைவிட்டு, அடியிலிருந்து ஒரே திருகால் ஏறும் ஒற்றைப் பிடியை உருவாக்கினார்.

போட்டிக் களத்தில் கைக்கேற்ப பிடியை அமைப்பது எல்லையைத் தொட்டது. ஹங்கேரியின் காரோலி தகாச் 1938இல் கையெறிகுண்டு வெடித்து வலக்கை சிதைந்தபின், இடக்கையால் சுடப் பழகி 1948, 1952 ஒலிம்பிக்குகளில் தங்கம் வென்றார். இன்றைய போட்டித் துப்பாக்கிகளின் பிடிகள் இடக்கைக்கும் வலக்கைக்கும் தனித்தனியே, விரல் பதியும் குழிவோடு செதுக்கப்படுகின்றன. உள்ளங்கையின் கீழ்விளிம்பைத் தாங்கும் தட்டைத் திருகால் ஏற்றி இறக்கலாம். விதிகள் இதற்கு வரம்பிடுகின்றன: 10 மீட்டர் ஏர் பிஸ்டல், பிடி உட்பட, 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். 2024 பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வென்றது இந்த வகைத் துப்பாக்கியால்தான்.

பிளாஸ்டிக் சட்டகத்துக்குப் பின்

1982இல் ஆஸ்திரியப் படை ஏற்ற குளோக் 17இல் கழற்றத் தகடே இல்லை. கைப்பிடியும் சட்டகமும் ஒரே வார்ப்பு. ஒரே அளவு எல்லாக் கைக்கும் பொருந்தாது என்ற பழைய குறை உடனே திரும்பி வந்தது. 1990களின் வால்தர் பி99 மாற்றக்கூடிய முதுகுத் துண்டுகளோடு வெளியானது. குளோக்கும் 2010இல் அதே வழியை ஏற்றது. அவை திருகால் அல்ல, குறுக்கே செல்லும் ஆணியால் நிற்கின்றன. 2014இல் வந்த சிக் சாவர் பி320இல் கைப்பிடி முழுவதுமே மாற்றக்கூடிய கூடு. வரிசை எண் பதிந்த, அமெரிக்கச் சட்டப்படி துப்பாக்கியாகக் கருதப்படும் பகுதி, உள்ளே உள்ள சுடுவிசைத் தொகுதி மட்டுமே. அதன் ஒரு வடிவத்தை அமெரிக்கத் தரைப்படை 2017 ஜனவரியில் தேர்ந்தெடுத்தது.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் பாகங்களையும் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அடக்குகிறது; வணிக நோக்கில் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் கட்டாயம். உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்பவர் பிடித்தகட்டை மாற்ற விரும்பினால், தோட்டாவை முழுவதும் அகற்றிய பின், உரிமம் பெற்ற கம்மியரிடம் கொடுப்பதே முறை.